டிகோச்சின் ஊராருக்கு ஒரு நன்றி மடல்

போலந்தின் வடகிழக்கில், நாரெவ் ஆற்றங்கரையில் வாழும் டிகோச்சின் ஊராருக்கு,

வணக்கம். சென்ற ஆகஸ்டில் உங்கள் ஊரில் வந்து தங்கிப்போன தமிழ்ப் பெண் எழுதுகிறேன். இதன் போலிஷ் படி உங்களுக்குத் தனியாகத் தபாலில் வருகிறது. வார்சாவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார். ஆனாலும் முதலில் தமிழில்தான் எழுத நினைத்தேன். எங்கள் பக்கத்திலிருந்து போலந்துக்குப் போகிறவர்கள் வார்சா, கிராக்கோவ், வியெலிச்கா உப்புச் சுரங்கம், ஆஷ்விட்ஸ் முகாம் என்று பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். சுமார் இரண்டாயிரம் பேர் வாழும் உங்கள் ஊரின் பெயர் பலர் காதில் விழுந்தே இருக்காது. நீங்கள் எனக்குச் செய்ததை அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரிய நகரத்தில் பயணிக்கு வழி சொல்லவும் சுற்றிக் காட்டவும் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் எனக்கு உதவிய ஒவ்வொருவரும் கையில் இருந்த சொந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு வந்தவர்கள். அடுப்பில் சட்டி இருந்தது, தோட்டத்தில் பறிக்க வெள்ளரிக்காய் இருந்தது, பண்டிகைக்கு வந்த பேரப்பிள்ளைகள் வீட்டில் காத்திருந்தார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் ஒரு வரியில் நன்றி சொல்லி முடிக்க மனம் வரவில்லை.

முதலில் பக்கத்து நகரமான பியாவிஸ்டோக்கிலிருந்து வந்த சிறிய பேருந்தின் ஓட்டுநர் ஐயாவுக்கு. சந்தை மைதானத்தில் என்னை இறக்கிவிட்டதோடு நீங்கள் கிளம்பியிருக்கலாம். நீங்கள் இறங்கி வந்து, நிறுத்தத்தில் ஒட்டியிருந்த கால அட்டவணையில் விரலை வைத்து, மறுநாள் 15ஆம் தேதி, அன்று வண்டியே கிடையாது என்று கைகளைக் குறுக்கே வைத்துக் காட்டினீர்கள். ஆகஸ்ட் 15 எங்களுக்குச் சுதந்திர தினம். உங்களுக்கு மரியன்னை விண்ணேற்புப் பெருவிழா, கூடவே ராணுவ நாள். நாடே கடையடைக்கும் நாள். நீங்கள் சொன்னதால் வந்த அன்றே ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துக்கொண்டேன். விடுமுறை நாளில் முதலாளியே கல்லாவில் நின்று விற்கும் சிறு கடைகள் திறக்கலாம் என்று உங்கள் சட்டம் இடம் கொடுக்கிறதாம். அதை விடுதி அம்மா பிற்பாடு சொன்னார்.

விடுதி அம்மா, உங்களுக்குத்தான் நிறைய எழுத வேண்டும். நான் இறைச்சி, மீன், முட்டை சாப்பிடுவதில்லை என்று கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டியபோது உங்கள் முகத்தில் ஒரு கவலை தெரிந்தது. உங்கள் போட்லாஷே வட்டாரச் சமையலில் அது கஷ்டம்தான். உருளைக்கிழங்கு மாவில் பெரிதாகப் பிடிக்கும் கர்த்தாச்சே கொழுக்கட்டைக்குள் இறைச்சி. உருளைக்கிழங்கைத் துருவிச் சுடும் பாப்காவில் பன்றிக்கொழுப்பு. அன்று மாலை நீங்கள் வைத்தது பீட்ரூட்டும் வெள்ளரியும் போட்டு மோரில் கலந்த குளிர்ந்த சூப். வழக்கமாக மேலே வைக்கும் முட்டையை எனக்கு வைக்கவில்லை. அடுத்து வெந்த புது உருளைக்கிழங்கு, அதன்மேல் வெண்ணெயும் நறுக்கிய சதகுப்பைக் கீரையும், பக்கத்தில் ஒரு கிண்ணம் உறைந்த புளித்த பால். தயிரும் கிழங்குமாக வயிறு நிறைந்தது அம்மா. உங்கள் வீட்டுப் பையனுக்கு என்ன சமைத்தீர்களோ தெரியாது. எனக்காகத் தனி வாணலி எடுத்து, அதைத் தேய்த்துக் கழுவி, கழுவியதை என்னிடம் காட்டிவிட்டுத்தான் அடுப்பில் வைத்தீர்கள். சொந்தக்காரர் வீட்டில்கூட எல்லோரும் இதைச் செய்வதில்லை.

உங்கள் மரவீட்டின் ஜன்னலிலிருந்து பார்த்தால் மைதானத்தின் நடுவே ஸ்டெஃபான் சார்னியெட்ஸ்கியின் சிலை தெரியும். 17ஆம் நூற்றாண்டில் சுவீடன் படையை எதிர்த்துப் போரிட்ட தளபதி. அதற்குப் பரிசாக இந்த ஊர் அவருக்குக் கிடைத்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, ஊர் கைமாறி வந்த யான் கிளெமென்ஸ் பிரானிட்ஸ்கி அந்தச் சிலையையும், மைதானத்தின் ஓரத்தில் இரட்டைக் கோபுரத் தேவாலயத்தையும் எழுப்பினார். இதையெல்லாம் பள்ளிக்கூடம் போகும் உங்கள் மகன் ஆங்கிலத்தில் தேடித்தேடிச் சொன்னான். தம்பிக்கு என் தனி நன்றி. மன்னர் சிக்முந்த் அகஸ்ட் 1572இல் இறந்தபின் அவர் உடல் கிராக்கோவுக்குப் போகும்வரை இங்குள்ள கோட்டையில் இருந்தது என்று சொன்னபோது அவன் குரலில் ஒரு பெருமை இருந்தது. அந்தக் கோட்டை இன்று பழைய அடித்தளத்தின் மேல் புதிதாகக் கட்டியது. எனக்கு அது பெரிதாக ஒட்டவில்லை. அவன் சொன்ன கதை ஒட்டியது.

யூதத் தொழுகைக்கூட அருங்காட்சியகத்தில் சீட்டுக் கொடுத்த அம்மையாருக்கு. நான் உள்ளே நுழைந்தபோது வேறு பார்வையாளர் யாரும் இல்லை. நீங்கள் மேசையை விட்டு எழுந்து என்னோடு வந்தீர்கள். 1642இல் கட்டிய கூடம். நடுவில் நான்கு பருத்த தூண்களுக்கு இடையில் உயர்ந்த மேடை. அங்கே நின்றுதான் யூத மறைநூலான தோராவை வாசிப்பார்கள். சுற்றிச் சுவரெல்லாம் பெரிய பெரிய சதுரங்களில் எபிரேயத்திலும் அரமேயத்திலும் வேண்டுதல்கள். புத்தகம் விலை அதிகமாக இருந்த காலத்தில், கையில் புத்தகம் இல்லாதவரும் சுவரைப் பார்த்து ஓதட்டும் என்று எழுதி வைத்தார்களாம். நீங்கள் அதைச் சொல்லிவிட்டு, நான் நிமிர்ந்து ஒவ்வொரு சுவராகப் பார்த்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பொறுமைக்கு நான் என்ன தர முடியும்!

1522இல் யூதக் குடும்பங்கள் இங்கே குடியேறியது, இரண்டாம் உலகப் போருக்கு முன் ஊரில் ஏறக்குறைய பாதிப்பேர் யூதராக இருந்தது, ஜெர்மானியர் இந்தக் கூடத்தைச் சூறையாடிக் கிடங்காக்கியது, போருக்குப் பின்னும் உரமூட்டை அடுக்கி வைத்திருந்தது, 1970களில்தான் சீரமைத்து அருங்காட்சியகமாக்கியது எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னீர்கள். இன்று ஊரில் யூதக் குடும்பம் உண்டா என்று கேட்டேன். தலையை மட்டும் அசைத்தீர்கள். பிறகு வாசலுக்கு வந்து, எந்தத் தெருக்களில் அவர்கள் வாழ்ந்தார்கள் என்று கை நீட்டிக் காட்டினீர்கள்.

அடுத்து எழுதப்போவது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கும் அவர் பேத்திக்கும்.

15ஆம் தேதி காலை தேவாலயத்தின் முன் நின்றிருந்தேன். பெண்கள் எல்லோர் கையிலும் ஒரு கொத்து: கோதுமைக் கதிர், கசகசாக் காய், புதினா, காட்டுப்பூ, சிலர் கொத்தில் ஒரு கேரட்டும் ஆப்பிளும்கூட. அன்றைக்கு மூலிகையையும் விளைச்சலையும் மந்திரித்து வாங்கிப் போய் வருடம் முழுக்க வீட்டில் வைத்துக்கொள்வது உங்கள் வழக்கம். பெயர் தெரியாத ஒரு பாட்டி தன் கொத்திலிருந்து இரண்டு காம்பு உருவி என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார். பாட்டி, யாராவது இதை உங்களுக்குப் படித்துக் காட்டினால், அந்த ஓமமணம் அடிக்கும் காம்பு காய்ந்து என் பூஜை அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பூசை முடிந்து வெளியே வந்த ஐயா, நீங்கள்தான் பேத்தியை விட்டு என்னிடம் பேசச் சொன்னீர்கள். வோபுஹோவோ காட்டுக்குப் போக வேண்டும், வண்டி கிடைக்குமா என்று நான் கேட்டதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தீர்கள். பண்டிகை நாள். வீட்டில் விருந்து. அதைவிட, தங்கள் ஊரின் மிகப் பெரிய துக்கம் கிடக்கும் இடத்துக்கு அந்நியப் பெண்ணை அழைத்துப் போவது சாதாரணக் காரியம் இல்லை. நீங்கள் சாவியை எடுத்து வரச் சொன்னீர்கள்.

1941 ஆகஸ்ட் 25. டிகோச்சின் யூதர்கள் எல்லோரையும் சந்தை மைதானத்துக்கு வரச் சொல்லி ஜெர்மானியர் உத்தரவு போட்டார்கள். அன்றும் மறுநாளும் அவர்களை அந்தக் காட்டுக்குக் கொண்டுபோய், முன்கூட்டியே வெட்டி வைத்திருந்த குழிகளின் ஓரத்தில் நிற்க வைத்துச் சுட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். குழந்தைகளும் அதில் அடக்கம். நானூறு ஆண்டு வாழ்ந்த சமூகம் இரண்டு நாளில் இல்லாமல் போனது. நான் தங்கியிருந்த வீட்டு ஜன்னலில் தெரிவது அதே மைதானம்.

காட்டில் ஓங்கிய மரங்களுக்கு நடுவே வேலி போட்ட குழிமேடுகள். உலகின் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் வைத்துப் போன மெழுகுவர்த்திக் கண்ணாடிகள், கூழாங்கற்கள், வேலியில் கட்டிய இஸ்ரேல் கொடிகள். ஐயா, நீங்கள் தொப்பியைக் கழற்றவில்லை. பேத்தி காரணம் சொன்னார், யூத வழக்கப்படி அங்கே தலை மூடியிருப்பதுதான் மரியாதை. பிறகு நீங்கள் ஆசிரியராக இருந்தபோது ஒவ்வொரு வகுப்பையும் இங்கே அழைத்து வந்ததாகவும், இறந்தவர்களின் தொழில்களைப் பிள்ளைகளுக்குச் சொன்னதாகவும் கூறினீர்கள்: ரொட்டி சுட்டவர், தையல்காரர், குதிரை வியாபாரி. எண்ணிக்கை மட்டும் சொன்னால் பிள்ளைகள் மனதில் ஒருவர் முகமும் தங்காது என்றீர்கள். நான் பல நாடுகளில் நினைவிடங்கள் பார்த்திருக்கிறேன். பெரிய கட்டடங்கள், ஒலி, ஒளி, வரிசை. எனக்கு மிகச் சரியாகச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான் என்று துணிந்து சொல்வேன்.

ஊரின் அழகை மட்டும் காட்டி அனுப்பியிருந்தால் நானும் நான்கு படம் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போயிருப்பேன். வலிக்கிற இடத்தையும் காட்டினீர்கள். விருந்தாளியை நம்பினால்தான் அப்படிக் காட்ட முடியும். அந்த நம்பிக்கைக்குத்தான் இந்த மடல்.

திரும்பும் வழியில் பேத்தி, முகம் வாடியிருந்த என்னைப் பார்த்து, கேட்காமலே வண்டியைப் பெந்தோவோவுக்குத் திருப்பினார். அங்கே நாரைப் பண்ணையில் பரணின் மேல் நின்று தொலைநோக்கியை என்னிடம் கொடுத்த இளைஞருக்கும் நன்றி. 1991இல் அடித்த புயலில் அந்தப் பண்ணையின் மரங்கள் உச்சி முறிந்தன. முறிந்த உச்சிகளில் செங்கால் நாரைகள் கூடு கட்டத் தொடங்கின. 2001இல் ஐரோப்பிய நாரைக் கிராமம் என்ற பட்டம் கிடைத்தது. வசந்தத்தில் நாரெவ் கரைபுரண்டு புல்வெளிகளில் தேங்குவதால் தவளைக்கும் பூச்சிக்கும் அங்கே பஞ்சமில்லை. நான் வந்த நேரத்தில் சில கூடுகள் காலியாகிவிட்டன. நாரைகள் மேலெழும் அனல்காற்றில் மிதந்து பறப்பவை, கடல் மேல் அது எழும்பாது, அதனால் மத்தியதரைக் கடலைத் தாண்டாமல் போஸ்பரஸ் நீரிணை வழியாகச் சுற்றிக்கொண்டு ஆப்பிரிக்கா போகின்றன என்று அவர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அதற்குள் தலைக்கு மேலே ஒரு ஜோடி கழுத்தைப் பின்னுக்கு வளைத்து அலகைப் படபடவென்று அடித்தது. செங்கால் நாரைக்கு அநேகமாகக் குரலே கிடையாது. அதுதான் அதன் பேச்சு. காட்டிலிருந்து வந்த எனக்கு அந்தச் சத்தம் எவ்வளவு தேவைப்பட்டது என்பது பேத்திக்குத் தெரிந்திருக்கிறது. நல்ல மனசு.

பேருந்து இல்லாத அந்த மாலையில், பாட்டி வீட்டுக்கு வந்துவிட்டு பியாவிஸ்டோக் திரும்பிய ஒரு குடும்பம் என்னை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டது. பின் இருக்கையில் இரண்டு குழந்தைகளுக்கு நடுவில் இடம். பெட்ரோலுக்குப் பணம் நீட்டினேன், வாங்கவில்லை. விடுதி அம்மா கட்டிக்கொடுத்த பொட்டலத்தை அந்தக் குழந்தைகளோடு பகிர்ந்து சாப்பிட்டேன்.

இதைப் படிக்கும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். போலந்து போனால் பியாவிஸ்டோக்கிலிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டர், ஒரு இரவாவது டிகோச்சினில் தங்குங்கள். நாரை பார்க்க வேண்டுமானால் ஏப்ரலுக்கும் ஆகஸ்ட் தொடக்கத்துக்கும் இடையில் போங்கள். விடுமுறை நாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வோபுஹோவோ போகாமல் திரும்பாதீர்கள். போனால் உரக்கப் பேசாதீர்கள். அந்த ஊரில் பணத்தைச் செலவிடுங்கள்: சிறு கடையில் வாங்குங்கள், அருங்காட்சியகத்துக்குச் சீட்டு எடுங்கள், வீட்டு விடுதியில் தங்குங்கள்.

டிகோச்சின் நண்பர்களே, நான் எடுத்த படங்களை அச்சிட்டுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உறை விடுதி அம்மா முகவரிக்கு வரும். அவர் பிரித்துக் கொடுப்பார். ஆசிரியர் ஐயாவுக்கான படிக்கு எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லியிருக்கிறேன். தம்பிக்கு எங்கள் ஊர்க் கோட்டையின் படம் ஒன்று வைத்திருக்கிறேன், கேட்டிருந்தானே. அம்மாவுக்குக் கொஞ்சம் மிளகும் ஏலக்காயும். ஏலக்காயைப் பாலில் தட்டிப் போட வேண்டும், முழுசாகக் கடித்துவிடாதீர்கள்.

மிக்க நன்றியுடனும் அன்புடனும்,
மதுரையிலிருந்து வந்த பெண்