பூரிம் நாளும் உங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும்

கால்ஃபீல்ட், மெல்பர்ன்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். அம்மா, அத்தான், பிள்ளைகள் எல்லாரும் சுகம்தானே?

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மன்னார்குடியில் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப் போகப் போவதாகச் சொல்லி, இங்கே எப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் வேலை பார்ப்பது யூதர்களின் இல்லம் என்பதால் சில விதிகள் அவர்களுக்கே உரியவை. மற்றவை எந்த ஊருக்கும் பொருந்தும்.

முதலில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். மெல்பர்னில் கால்ஃபீல்ட், எல்ஸ்டர்ன்விக் பக்கமெல்லாம் யூதர்கள் நிறைய. நாஜிகளிடம் தப்பிப் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் போருக்குப் பிறகு இந்த ஊருக்குக் கப்பல் ஏறி வந்தார்கள். நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த அந்தப் படுகொலையை நினைவுகூர 1984இல் எல்ஸ்டர்ன்விக்கில் ஓர் அருங்காட்சியகமும் தொடங்கினார்கள். 1945இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. மறதி நோய் முற்றும்போது, பிறகு கற்ற ஆங்கிலம் முதலில் கழன்றுபோய், இத்திஷ் (ஐரோப்பிய யூதர்களின் மொழி), ஹங்கேரியன், போலிஷ், ரஷ்யன் என்று சின்ன வயதில் வீட்டில் பேசிய மொழி மிஞ்சும். பதில் புரியாத மொழியில் வந்தாலும் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துத்தான் அழைத்து வருகிறார்கள்.

பள்ளி ஜனவரி கடைசியில் திறக்கும். பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ பூரிம் பண்டிகை வரும். பாரசீக அரசவையில் ஆமான் என்ற மந்திரி யூதர்களை ஒழிக்கப் போட்ட சதியை எஸ்தர் ராணி முறியடித்த கதை அது. அன்று குறைந்தது ஒருவருக்காவது, உடனே சாப்பிடக்கூடிய இரண்டு வகைத் தின்பண்டம் கொடுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் வேஷம் கட்டிக்கொண்டு எங்கள் இல்லத்துக்கு வருவார்கள். பூரிம் சனிக்கிழமையில் விழவே விழாது, அதனால் யூதர்களின் ஓய்வுநாளோடு மோதும் தொல்லை இல்லை. மற்ற சமயங்களில் வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை எழுதுவது, படம் பிடிப்பது எதுவும் கூடாது என்பதால் பள்ளி வருகையை அந்த நேரத்தில் வைப்பதே இல்லை.

கோளாறு வருவதெல்லாம் வேஷத்திலும் சத்தத்திலும்தான். முகமூடி கூடாது, மறதி நோய் உள்ளவர் முகம் தெரியாத உருவத்தைப் பார்த்தால் அலறிவிடுவார். போலீஸ், சிப்பாய் வேஷமும் பூட்ஸும் வேண்டவே வேண்டாம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி விசில் அடித்துப் பெயர் கூப்பிடும் பழக்கத்தையும் ஆசிரியர்கள் வாசலோடு விட்டுவிட வேண்டும். நாஜிகளின் முகாமில் வளர்ந்தவருக்கு அது வெறும் விசில் இல்லை. முகாமில் கைதிகளின் கையில் பச்சை குத்திய எண்ணைக் காட்டச் சொல்லிக் கேட்பதும் தவறு. எண் குத்தியது ஆஷ்விட்ஸ் முகாம்களில் மட்டும்தான். எண் இல்லாததால் ஒருவர் பட்டது குறைவு என்றாகிவிடாது.

கதை வாசிக்கும்போது ஆமான் பெயர் வந்தால் கிலுகிலுப்பையைச் சுற்றி இரைச்சல் போடுவது வழக்கம். காதில் கருவி வைத்திருப்பவருக்கு அந்த இரைச்சல் பெரிதாகிப் பாயும். கருவியைப் பிடுங்கி மேசைமேல் வைத்துவிடுவார், அப்புறம் ஒன்றுமே கேட்காது. அதற்குப் பதில் காகிதக் கொடி ஆட்டலாம். பேச்சிலும் கவனம் வேண்டும். வயதானால் உச்ச சுருதிதான் முதலில் காதுக்கு எட்டாமல் போகும். பிள்ளைகளின் குரலோ இயல்பிலேயே கீச்சுக்குரல். கத்தினால் இன்னும் மேலே ஏறி இன்னும் கேட்காது. எதிரே ஒரு மீட்டருக்குள் உட்கார்ந்து, உதடு தெரிய, குரலைத் தாழ்த்தி நிதானமாகப் பேசினால் போதும். முதலில் டிவியை அணையுங்கள்.

தின்பண்டம்தான் அடுத்த தலைவலி. இறைச்சிக்கும் பாலுக்கும் இங்கே தனித்தனிப் பாத்திரம், தனித்தனிச் சமையல். வெளியிலிருந்து கோஷர் முத்திரை (யூத உணவு விதிப்படி செய்தது என்ற அடையாளம்) இல்லாத எதுவும் உள்ளே வரக் கூடாது. ஒரு மாதம் கழித்து, புளித்த மாவுப் பண்டங்களை விலக்கும் பெசாக் பண்டிகை வரும்; அதன் 8 நாளும் புத்தகப்பையின் அடியில் கிடக்கும் பிஸ்கட் துணுக்குகூடக் கூடாது. முத்திரை இருந்தாலும் பொட்டலம் முதலில் நர்ஸ் மேசைக்குத்தான் போகும். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு உதிரும் பண்டம் மூச்சுக்குழாயில் இறங்கும். பூரிமின் முக்கோணப் பலகாரத்தில் கசகசா பூரணம் வைப்பார்கள், அது பல்செட்டுக்கு அடியில் போய் உறுத்தும். பிள்ளைகள் தங்கள் கையால் யாருக்கும் ஊட்டக் கூடாது.

நேரம் காலை பத்தரை, நாற்பது நிமிடம், அவ்வளவுதான். மாலையானால் மறதி நோயாளிகளுக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும். ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள் என்பது சரியான கணக்கு. ஒருவன் மட்டும் என்றால் பேச்சு தடுமாறி நின்றுவிடும், நான்கு பேர் என்றால் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த பிள்ளை, அது நின்று 48 மணி நேரம் ஆகாமல் வரக் கூடாது. சக்கர நாற்காலியைத் தள்ள விடாதீர்கள். கையைப் பிடித்துக் குலுக்கவும் வேண்டாம், அந்தத் தோல் லேசாக இழுத்தாலே கிழியும்.

உங்கள் திட்டத்தில் மைக் வைத்து நடனம், பேச்சுப் போட்டி, கடைசியில் லட்டுப் பொட்டலம் என்று எழுதியிருந்தீர்கள். அதை விட்டுவிடுங்கள் அக்கா. மேடை போட்டால் பெரியவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள், பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். கைக்கு வேலை கொடுங்கள். இங்கே பூரிம் தின்பண்டப் பெட்டியைப் பெரியவரும் பிள்ளையும் சேர்ந்துதான் கட்டுகிறார்கள்: பக்கவாதத்தில் ஒரு கை விழுந்த பாட்டி நல்ல கையின் விரலை நாடாவின் குறுக்கே அழுத்திப் பிடிக்க, பையன் முடிச்சை இழுத்து இறுக்குவான். உங்களிடம் பூத்தொடுப்பது, அவரைக்காய் உரிப்பது, கோலப்பொடி கலப்பது என்று எத்தனையோ இருக்கின்றன. "சின்ன வயதில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் மறதிக்காரர் திணறிப்போவார். அவரைக்காயை அவர் கையில் கொடுத்துவிட்டால் கேள்வியே தேவையில்லை. பெயர் அட்டையில் எழுத்து இரண்டு விரல் உயரம், வெள்ளையில் கறுப்பு. திரும்ப வருவது உறுதியில்லை என்றால் "அடுத்த வாரம் வருகிறேன்" என்று பிள்ளைகள் சொல்லக் கூடாது. சிலர் அந்த நாளில் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

லட்டு வாங்க வைத்த பணத்தில் தடித்த மார்க்கரும் அட்டையும் வாங்குங்கள். தேதி முடிவானதும் சொல்லுங்கள், பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தின் மாதிரி ஒன்று எழுதி அனுப்புகிறேன். அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் பணம் போட்டிருக்கிறேன், வந்ததா என்று பார்க்கவும்.

அன்புடன்,
தம்பி