தூரி தானாக ஏறிய கதை: அம்மிணிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அம்மிணிக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய வீடியோவை, கம்ப்யூட்டரில் நீ புரோகிராம் எழுதி ஆடவிட்ட தூரியை (ஊஞ்சலை), மூன்று தடவை பார்த்தேன். புளியமரக் கொம்பு, பத்தடிக் கயிறு, பலகையில் ஒரு பாவாடைப் பிள்ளை. முதலில் அழகாகத்தான் ஆடுகிறது. அப்புறம் யாரும் தள்ளாமலே ஏறி ஏறி, கடைசியில் கொம்பையே ஒரு சுற்று சுற்றி வந்துவிடுகிறது. கீழே நீ எழுதியிருந்தாய்: "மாமா, எனக்கெல்லாம் பிசிக்ஸ் வராது. ரெடிமேடா ஒரு எஞ்சினை எறக்கிப் போட்டுக்கறேன்."

பிசிக்ஸ் கணக்கையெல்லாம் தானே பார்த்துக்கொள்கிற அந்த ரெடிமேட் புரோகிராமைப் போட்டுக்கொள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தத் தூரியை முடித்துவிட்டுப் போட்டுக்கொள். வாட்ஸப்பில் சொல்லி மாளாது என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

முதல் சங்கதி, உன் பிசிக்ஸில் தப்பு இல்லை. நீ அனுப்பிய கோடில் (புரோகிராம் வரிகளில்) தூரியை ஆட்டுவது மூன்றே வரி:

முடுக்கம் = −(9.8 ÷ 3) × சைன்(கோணம்)
கோணம் = கோணம் + வேகம் × நேரம்
வேகம் = வேகம் + முடுக்கம் × நேரம்

(பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறாய். ஜாவாஸ்கிரிப்ட் மொழி முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிறது. இத்தனை வருஷமாக எனக்கு அது தோன்றவே இல்லை.)

9.8 புவியீர்ப்பு, 3 கயிற்றின் நீளம் மீட்டரில். எல்லாம் சரி. கோளாறு எங்கே என்றால், நிஜத் தூரி இடைவிடாமல் ஆடுகிறது, உன் தூரி நொடிக்கு 60 தடவை எட்டு வைத்து நடக்கிறது. ஒவ்வொரு எட்டிலும் அது பழைய வேகத்தை நம்பித்தான் நகர்கிறது. மேலே ஏறும்போது வேகம் குறைந்துகொண்டே வரும் அல்லவா? பழைய வேகம் என்பது கொஞ்சம் கூடுதலான வேகம். ஆகவே ஏறவேண்டியதற்கு மேல் ஒரு நூல் கூட ஏறிவிடுகிறது. இறங்கும்போது பழைய வேகம் என்பது குறைந்த வேகம். அதனால் மேலேயே கொஞ்சம் தங்கி, இழுவை அதிகமாக உள்ள இடத்தில் கூடுதலாக வேகம் வாங்கிக்கொண்டு கீழே வருகிறது. போனாலும் லாபம், வந்தாலும் லாபம்.

எவ்வளவு லாபம்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு எட்டுக்கு இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஒரு நிமிஷத்துக்கு 3600 எட்டு. வட்டிக்கு வட்டி சேர்ந்து, 5 பாகையில் விட்ட தூரி ஒரு நிமிஷத்தில் 25 பாகைக்கு வந்து நிற்கிறது. நம்ம ஊர் கந்துவட்டியே தோற்றுப்போகும்.

இப்படிப் பழைய வேகத்தை வைத்து எட்டு எட்டாக நடக்கும் வழியைக் கணித மேதை ஆய்லர் 1768-ல் அச்சில் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எட்டு சின்னதாக இருந்தால் பிழையும் சின்னதாக இருக்கும். விடாமல் ஆடிக்கொண்டே இருக்கும் சாமானுக்குத்தான் அது ஆகாது. அதற்கு வைத்தியம், இரண்டாவது வரியையும் மூன்றாவது வரியையும் இடம் மாற்றுவது. வேகத்தை முதலில் புதுப்பித்து, அந்தப் புது வேகத்தால் கோணத்தை நகர்த்து. அவ்வளவுதான். ஒரு எழுத்துகூடப் புதிதாகத் தட்ட வேண்டாம்.

மாற்றி, சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். 5 பாகை 5 பாகையாகவே இருந்தது, நூலளவு முன்னே பின்னே.

இன்னொன்றும் கேள். எறக்கிப் போடுகிறேன் என்றாயே எஞ்சின், அதில் பேர்போனது எரின் கேட்டோ எழுதிய பாக்ஸ்2டி. ஆங்கிரி பேர்ட்ஸ் விளையாட்டில் பறவைகள் பறந்தது அதில்தான். அதற்குள்ளே திறந்து பார்த்தால் இதே வரிசைதான் இருக்கும்: முதலில் வேகம், பிறகு இடம். நேற்று ராத்திரி நீ நின்ற இடத்துக்கும் அதற்கும் ஒரு வரிதான் தூரம்.

நான் இதே பள்ளத்தில் விழுந்தபோது உன்னளவுக்கு நேர்மையாக இல்லை. தூரி ஏறுகிறதா, சரி, ஒவ்வொரு எட்டிலும் வேகத்தை 0.999-ஆல் பெருக்கி அடக்கிவிடலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். அடங்கிவிட்டது! காற்றின் தடை என்று அதற்குப் பெயரும் வைத்து, நாலு பேரிடம் காட்டிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து, சின்னப் பிள்ளைகளுக்கென்று கயிற்றை 2 மீட்டராகக் குறைத்தேன். திரும்பவும் ஏற ஆரம்பித்துவிட்டது. 3 மீட்டர் கயிற்றில் பிழை கொடுத்ததும் என் வரி எடுத்ததும் தற்செயலாகக் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்திருக்கிறது. கயிறு குறைந்ததும் பிழையின் கை ஓங்கிவிட்டது. ஒழுகுகிற கூரைக்குக் கீழே சட்டியை வைத்துவிட்டு, ஒழுகவில்லை என்று சொல்லித் திரிந்திருக்கிறேன்.

அதற்கும் முன்னால் நான் எழுதிய முதல் விளையாட்டு, ஒரு மட்டை, ஒரு பந்து, சுற்றிலும் சுவர். பந்து வேகமாகும்போது சுவரைத் துளைத்துக்கொண்டு போய்விடும். ரெண்டு வாரம் முழித்தேன். புரிந்தது உன் அப்பச்சியின் தறிப்பட்டறையில்.

உனக்கு அந்தப் பட்டறை ஞாபகம் இருக்காது. நாலு விசைத்தறி, காது கிழிகிற சத்தம். ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் வந்து தறி ஓட ஆரம்பித்ததும், ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாவு நூலுக்கு நடுவே இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு அது பாய்கிறது. ஆனால் பாய்வதைப் பார்க்க முடியாது. இங்கே இருக்கும், அடுத்த நொடி அங்கே இருக்கும், நடுவில் கண்ணுக்கு ஒன்றுமில்லை. கம்ப்யூட்டருக்குப் பந்தும் அப்படித்தான் என்று அப்போதுதான் உறைத்தது. நொடிக்கு 1800 பிக்சல் வேகத்தில் போகிற பந்து, ஒரு எட்டுக்கு 30 பிக்சல் தாவும். என் சுவரின் கனம் 20 பிக்சல். ஒரு எட்டில் சுவருக்கு இந்தப் பக்கம், அடுத்த எட்டில் அந்தப் பக்கம். சுவரைத் தொட்ட கணம் என்று ஒன்று நடக்கவே இல்லை. எட்டை நாலாகப் பிரித்து, ஏழரை ஏழரைப் பிக்சலாக நகர்த்தினேன். சுவர் சுவராக நின்றது. "நாடாவையே பாத்துட்டு நின்னா நூலு அறுந்தது யாரு பாக்கறது?" என்று அப்பச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன்.

எட்டு என்றதும் இன்னொரு எச்சரிக்கை, சுருக்கமாக. நேரம் என்ற இடத்தில் 1/60 என்று எழுதி வைத்திருக்கிறாய். உன் லேப்டாப்புக்குச் சரி. வேறொரு கம்ப்யூட்டரில் அந்த வரிகள் நொடிக்கு 144 தடவை ஓடினால், அதே தூரி 2.4 மடங்கு வேகமாக ஆடும். கோயமுத்தூரில் நண்பன் ஒருவனின் ஆபீஸுக்குப் போய் என் தேங்காய் பிடிக்கும் விளையாட்டைப் போட்டுக்காட்டி, தேங்காய் தோட்டா மாதிரி விழ, எல்லோரும் சிரித்தார்கள். போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் நடுவே நிஜமாக எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டு, அதற்கேற்ப 1/60 எட்டுகளாக வைத்துக்கொண்டு போ.

"பிசிக்ஸ் வராது" என்றாயே, அது என்னைக் கொஞ்சம் குடைந்துகொண்டே இருக்கிறது. நீ படிப்பது டெக்ஸ்டைல் டிசைன். நீ எழுதப் பயன்படுத்தும் பி5.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி யாருக்காக வந்தது தெரியுமா? கேசி ரீஸும் பென் ஃப்ரையும் 2001-ல் பிராசஸிங் என்ற புரோகிராம் மொழியை ஆரம்பித்தது படம் வரைகிறவர்களும் டிசைன் செய்கிறவர்களும் புரோகிராம் எழுதட்டும் என்றுதான். அதைப் பிரவுசருக்கு ஏற்றபடி பி5.ஜேஎஸ் ஆக்கி 2013-ல் கொண்டுவந்த லாரன் மெக்கார்த்தியும் ஒரு கலைஞர். இந்த வீட்டுக்கு நீ ஒறம்பரை (விருந்தாளி) இல்லை, வீட்டுக்காரி. பில்லிங் போட்டுக்கொண்டு திருப்பூரில் உட்கார்ந்திருக்கும் நான்தான் ஒறம்பரை.

இப்போது என் ஆசைக்கு வருகிறேன். உன் தூரி சரியாகிவிட்டால், அதை அப்படியே விளையாட்டாக்கு. கீபோர்டில் ஒரே ஒரு கட்டை போதும், ஸ்பேஸ்.

ஆடி நோம்பிக்குத் தூரியில் நின்றுகொண்டு உந்துவார்களே, அதைக் கவனித்திருக்கிறாயா? உச்சிக்குப் போனதும் முழங்காலை மடக்கிக் குந்துவார்கள். கீழே நடுவுக்கு வரும்போது வெடுக்கென்று எழுந்து நிற்பார்கள். பின்னால் தள்ள யாரும் வேண்டாம். எழுந்து நிற்கும்போது உடம்பின் பாரம் கொம்புக்குக் கிட்டே போகிறது, அதாவது கயிறு குட்டையானதற்குச் சமம். கோடில் அது இவ்வளவுதான்: ஸ்பேஸை அழுத்தினால் நீளம் 3-லிருந்து 2.7, வேகத்தை (3 ÷ 2.7) இன் வர்க்கத்தால் பெருக்கு. விட்டால் நீளம் திரும்ப 3, வேகத்தை அதே அளவால் வகு. முதல் வரியில் 3 என்று இருக்கும் இடத்தில் நீளம் என்று எழுத மறந்துவிடாதே.

நடுவில் அழுத்தினால் வேகம் கிட்டத்தட்ட கால்பங்கு கூடும். உச்சியில் விட்டால், அங்கே வேகமே பூஜ்யம், வகுத்தாலும் நஷ்டமில்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் (இந்தப் பக்கத்து உச்சியிலிருந்து அந்தப் பக்கத்து உச்சிக்கு) கோணம் சுமார் 17 சதவீதம் கூடும். 5 பாகையில் ஆரம்பித்தால் பதினாறு வீச்சில் 60 பாகையைத் தொட்டுவிடலாம். மாற்றி அழுத்தினால், அதாவது உச்சியில் எழுந்து நடுவில் குந்தினால், ஏறிய அதே கணக்கில் தூரி இறங்கிப் படுத்துவிடும். விளையாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? பாயிண்ட், லெவல், வெடிச்சத்தம் என்று எதையும் ஒட்டவைக்காதே, கெஞ்சிக் கேட்கிறேன்.

புளிய இலை அசைய வேண்டும் என்று கேட்டிருந்தாயே, குருட்டாம்போக்கில் வரும் ரேண்டம் எண்ணை நேராகக் கொடுத்தால் இலை கொசு மாதிரி துடிக்கும். பி5-இல் நாய்ஸ் என்று ஒன்று இருக்கிறது, சினிமா கிராபிக்ஸ் வேலையில் இருந்த கென் பெர்லின் 1980களில் கண்டுபிடித்தது. அடுத்தடுத்த எண்கள் ஒன்றையொன்று ஒட்டியே வரும். அதற்குக் கொடுக்கும் எண்ணை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போனால், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பல்லடம் காற்றாடிகளைச் சுற்றுகிற ஆடிக்காற்று அப்படியே கிடைக்கும்.

ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்கு வரும்போது லேப்டாப்பை மறக்காமல் எடுத்து வா. இட்டேரிப் புளியமரத்தில் இந்த வருஷம் நிஜத் தூரி கட்டுவதாக இருக்கிறது, ஆனால் உன் பாட்டி அமுச்சிக்கு முழங்கால் விடாது. திண்ணையில் உட்கார வைத்து ஸ்பேஸ் கட்டையை மட்டும் காட்டு. எப்போது அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காதே. எத்தனை வீச்சில் 60-ஐத் தொடுகிறது என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.

உன் மாமா

பி.கு: அக்கா போன் போட்டு, "பரீட்ச நேரத்துல அவளுக்கு எதுக்குடா இந்தப் பொம்மையாட்டத்தைச் சொல்லிக்குடுக்கறே?" என்று கேட்டது. முடிந்ததும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை அதுவரை அதன் கண்ணில் காட்டாதே.