தரைத்தளத்து அறையின் சாவியைக் கொடுங்கள்

எங்கள் குடியிருப்பைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில், லிப்ட் இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் என் அம்மாவோடு வசிக்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது, "மாத்திரை வீட்டுக்கே வருமாமே!" என்று நம்பாமல் கேட்டவர் அவர். இப்போது தன்னார்வலர் அக்கா வரும் நாளில் காலையிலேயே தலைவாரி உட்கார்ந்துவிடுகிறார்.

அக்கா மாத்திரையை நீட்டிவிட்டுப் போகிறவர் அல்லர். போன மாதம் அம்மாவின் பாதத்தைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரலுக்கு அடியில் கொப்புளம் உடைந்திருந்தது. செருப்பு கடித்ததே அம்மாவுக்குத் தெரியவில்லை. சர்க்கரையால் நரம்பு கெட்டுப்போனால் வலி தெரியாதாம். அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினார். புண் ஆறிவிட்டது.

பாதத்தை வாசலில் காட்டலாம். எல்லாவற்றையும் அங்கே வைத்துச் சொல்ல முடியுமா? எங்கள் மாடியில் ஒரு பெண்ணுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். சளிப் பரிசோதனைக்கு அவரை அக்கா அழைத்தது மாடிப்படியின் திருப்பத்தில் நின்றுதான். யாரோ குடத்தோடு ஏறி வந்தார்கள்; பேச்சு நின்றது. அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டார். காசநோய் என்ற பேச்சு வெளியே கசிந்தால் பிள்ளைகளோடு யாரும் விளையாட மாட்டார்கள் என்ற பயம். உதிரப்போக்கு நிற்காமல் அவதிப்படும் பெண்களும் இப்படித்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

நம் சென்னை காசநோய் வைத்தியத்துக்கு வழிகாட்டிய ஊர். 1956இல் இங்கே தொடங்கிய ஆய்வுதான், நெரிசலான வீட்டில் இருந்துகொண்டே மருந்து சாப்பிடும் ஏழை நோயாளியும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுத்திருப்பவரைப் போலவே குணமாக முடியும் என்று உலகுக்குக் காட்டியது. அன்றும் வீடு வீடாகப் போய் மருந்தைக் கண்காணித்த ஊழியர்கள் இருந்தார்கள்.

எங்கள் பிளாக்கின் தரைத்தளத்தில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. உள்ளே உடைந்த குழாய்கள்தான். அதைத் திறந்துவிடுங்கள். சுத்தம் செய்து வெள்ளையடிக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மேசை ஒன்று, நாற்காலி இரண்டு, உள்ளே தாழ்ப்பாள் போடும்படி ஒரு கதவு: இவ்வளவு போதும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அக்கா எப்போதும்போல் மாடி ஏறுவார். விடியும் முன்பே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போய்விடும் பெண்கள், வியாபாரம் முடித்துத் திரும்பும் வழியில் அந்த அறையில் அவரைப் பார்க்கலாம். இப்போது பூட்டிய வீட்டுக்கு இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று அவர்தான் படியேறிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா வருகிறார். அதற்குள் சாவி கிடைத்தால், அந்த இருமல்காரப் பெண்ணை நானே கீழே அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஒரு மகள்