பச்சை ஆர்க்கிட்: பக்கவாட்டுப் படமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவமழைக்காலத்தில் நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளில் ஒரு சாண் உயரத்தில் பச்சைப் பூவோடு நிற்கும் தரை ஆர்க்கிட்களின் படங்கள் 'அரிய வகை' என்ற குறிப்புடன் செய்திகளில் வருகின்றன. பெயர் இருக்காது, இருந்தாலும் பல நேரம் தவறு. மேலிருந்து எடுத்த படத்தை வைத்துப் பெயர் சொல்ல முடியாது என்பதே காரணம்.

உதடு போன்ற இதழின் பின்னால் வால் போலத் தேன்குழல் தொங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வால் இல்லையென்றால் பெரும்பாலும் லிபாரிஸ் அல்லது மலாக்சிஸ் பேரினம். மலாக்சிஸில் உதடு மேற்பக்கம் இருக்கும், நடுத்தூண் (ஆண், பெண் உறுப்புகள் ஒன்றாக இணைந்த பகுதி) குட்டை. லிபாரிஸில் உதடு கீழே, நடுத்தூண் நீண்டு வளைந்திருக்கும்.

வால் இருந்தால்தான் சிக்கல். நீளவால் ஹபெனேரியா, உருண்டைக் குட்டைவால் பெரிஸ்டைலஸ் என்று பிரித்துவிடுகிறார்கள். குட்டைவால் ஹபெனேரியாக்களும் உண்டே! மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடியைப் பார்த்தால்தான் உறுதி. ஹபெனேரியாவில் அது இரண்டு காம்புகளாக முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். பெரிஸ்டைலஸில் காம்பு கிடையாது; உதட்டின் அடியோடு ஒட்டிய இரண்டு புடைப்புகள்தான். 10 மடங்கு கைலென்ஸ் போதும். கைபேசிக் கேமராவின் முன் அதே லென்ஸைப் பிடித்தால் படமும் கிடைக்கும்.

பக்கவாட்டுப் படத்தில் வால், சூற்பை, பூவடிச் செதில் மூன்றும் ஒன்றாகத் தெரிய வேண்டும், அருகே அளவுகோலும் வேண்டும். ஒன்றுக்கொன்று எவ்வளவு நீளம் என்பதை வைத்தே இனம் பிரிகிறது. இலை தரையோடு இருக்கிறதா, தண்டின் நடுவிலா என்பதற்குத் தனிப் படம். ஹபெனேரியா விரிடிஃப்ளோராவின் இலை புல் போலவே இருப்பதால் எளிதில் கண்ணுக்குத் தப்பும். பெயருக்கே 'பச்சைப் பூ' என்றுதான் பொருள். தரங்கம்பாடியில் பணியாற்றிய, தமிழ் அகராதி தொகுத்த ராட்லரின் பெயரும் அதன் அறிவியல் பெயரோடு சேர்ந்தே வருகிறது.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். வெள்ளைப் பூ இனங்களின் மொட்டும் பச்சையாக இருக்கும். வெளிர்பச்சைப் பூ கடும் வெயிலில் படத்தில் வெள்ளையாகிவிடும்.

செடியைப் பிடுங்கவே கூடாது. பூக்கும் நேரத்தில்தான் அடுத்த ஆண்டுக்கான கிழங்கு மண்ணுக்குள் உருவாகிறது. பெயர் காணக் கிழங்கு தேவையுமில்லை. வனத்துறை அனுமதி பெற்ற ஆய்வாளருக்கும் 70 சதவீத ஆல்கஹாலில் இட்ட ஒரு பூ பெரிதும் உதவும். அழுத்தி உலர்த்திய பூவில் வாலும் சூலகமுடியும் நசுங்கிப்போகும்.

படத்தை வெளியிடும்போது மாவட்டமும் மலையின் உயரமும் குறிப்பிட்டால் போதும். பாதையையும் இடத்தையும் அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தாவர ஆர்வலர்கள்,
உதகமண்டலம்