ஆளில்லா ரிலே நிலையங்கள் குறித்து நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகளின் திருமணம் நல்லபடியாக நடந்தேறியதை அறிந்து மகிழ்ந்தோம். மூட்டுவலியால் என்னால் பயணம் செய்ய முடியாமற்போனதில் வீட்டில் எல்லோருக்கும் மனக்குறை. ஓய்வுக்குப் பிறகும் உன்னை அழைத்து, வேறிடத்து நிகழ்ச்சியை வாங்கி மறுஒலிபரப்பும் ஆளில்லாத எஃப்எம் ரிலே நிலையங்களுக்குத் தொலைக் கண்காணிப்பு அமைக்கும் பொறுப்பைக் கொடுத்திருப்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. நீ கருத்துக் கேட்டதால் விரிவாகவே எழுதுகிறேன்.

2023 ஏப்ரல் 28 அன்று அகில இந்திய வானொலியின் நூறு வாட் திறனுள்ள 91 எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்கள் ஒரே நாளில் தொடங்கி வைக்கப்பட்டன. இவ்வளவு சிறிய நிலையங்கள் ஒவ்வொன்றிலும் மூன்று ஷிஃப்டுக்கும் பொறியாளரை அமர்த்துவது நடக்கக்கூடியதன்று. நம் காலத்தில் ஷிஃப்டில் இருந்தவர் மணிக்கொரு முறை மீட்டர்களைப் படித்து லாக் புத்தகத்தில் எழுதியதோடு, மானிட்டர் ஸ்பீக்கரில் நிகழ்ச்சியையும் கேட்டுக்கொண்டே இருந்தார். இன்றைய கருவி மீட்டரைப் படித்துவிடுகிறது. கேட்பதற்குத்தான் நாம் தனியே வழி செய்ய வேண்டும். நிகழ்ச்சி வரும் இணைப்பு அறுந்துபோனாலும் டிரான்ஸ்மிட்டர் தன் முழுத் திறனையும் வெறும் அலையாக அனுப்பிக்கொண்டிருக்கும், பேனலில் எல்லா விளக்கும் பச்சையாகவே எரியும். ஆகவே காற்றிலிருந்து அலையை வாங்கிக் கேட்கும் ஒரு ரிசீவரை நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, அதன் ஒலி நின்றால் அலாரம் வருமாறு செய். நேர வரம்பை மிகக் குறைத்துவிடாதே. வானொலி நாடகத்தில் வரும் ஓர் இடைவெளிக்கெல்லாம் அலாரம் அடித்தால், விரைவில் யாரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள்.

ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் திறனைப் பற்றி நீ கேட்டிருந்தாய். திரும்பும் அலையின் அளவைக் காட்டும் நிலையலை விகிதம் 1.5 என்றால் நூறு வாட்டில் 4 வாட் திரும்புகிறது. 2 ஆனால் சுமார் 11 வாட். வரம்பைத் தாண்டினால் மட்டும் அலாரம் என்று விட்டுவிட்டால், கனெக்டருக்குள் மழைநீர் கசிவது போன்ற பழுது பல மாதங்கள் தெரியாமலே போகும். மழையில் அளவு ஏறும், வெயிலில் காய்ந்து இறங்கும், வரம்பை ஒருபோதும் தொடாது. அந்த ஏற்ற இறக்கத்தைச் சேமித்து வரைபடமாகப் பார்த்தால்தான், கேபிள் கருகுவதற்கு முன்பே ஆளை அனுப்ப முடியும். என்னைக் கேட்டால், அலாரத்தைவிட இந்தப் பதிவுதான் உயர்ந்தது.

மின்சாரம் போனால் ஜெனரேட்டர், ஏசி, டிரான்ஸ்மிட்டர், இணைப்பு என ஒவ்வொன்றும் தனித்தனியே செய்தி அனுப்பும். இரவுப் பணியில் இருப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது மூலக் காரணம் ஒன்றே. மற்றவை அதன் கீழே அடங்கி வரட்டும்.

நான் மிகவும் வற்புறுத்துவது ஒன்று உண்டு. பழுது வந்ததும் கருவி தானாகவே கண்காணிப்பு மையத்துக்கு அனுப்பும் எஸ்என்எம்பி டிராப் செய்தியை நம்பி மட்டும் இருந்துவிடாதே. அது யுடிபி என்ற, பெற்றதற்கு ஒப்புகை கேட்காத அனுப்பும் முறையில் போவது. சேர்ந்ததா இல்லையா என்பது அனுப்பிய கருவிக்குத் தெரியாது. இணைப்பே செத்துவிட்ட நிலையமும் நலமாக இயங்கும் நிலையமும் மையத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி அமைதியாக இருக்கும். எனவே மையமே சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு நிலையத்திடமும் நிலவரம் கேட்க வேண்டும், பதில் வராததையே அலாரமாகக் கொள்ள வேண்டும். கண்காணிப்புக் கருவிக்குத் தனி பேட்டரியும் இரண்டாவது வழியாக எஸ்எம்எஸ் வசதியும் கொடு. ஆனால் அந்த செல்பேசிக் கோபுரமும் அதே மலையில் அதே மின்பாதையில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்.

தொலைவிலிருந்து டிரான்ஸ்மிட்டரை மீண்டும் இயக்கும் வசதியை நீ சேர்த்திருப்பதாக எழுதியிருக்கிறாய். பயனுள்ளதுதான், எனினும் கவலையும் எழுகிறது. ஆன்டெனாக் கோபுரத்தில் ஓர் ஆள் ஏறியிருக்கும்போது மையத்திலிருந்து யாரும் அதை இயக்கிவிடக் கூடாது. மென்பொருளில் எச்சரிக்கை காட்டினால் போதாது. அங்குள்ள சுவிட்சை 'லோக்கல்' பக்கம் திருப்பியதும் தொலைக் கட்டளைக்கான கம்பியே துண்டிக்கப்பட வேண்டும், அந்தச் சுவிட்சின் சாவி ஏறுகிறவரின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் செலவைக் காட்டி யார் தடுத்தாலும் நீ விட்டுக்கொடுக்காதே.

உன் இணைப்பு வரைபடத்தை அனுப்பி வை, பார்த்துவிட்டு எழுதுகிறேன். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்