நவம்பர் தேதியைத் தவறவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

கொலு பொம்மைகளை எடுத்துப் பெட்டியில் வைத்தாயிற்று. பாட்டிக்கு முட்டி வலி பரவாயில்லை. அப்பா வழக்கம்போல. போனில் எது கேட்டாலும் "ம்" என்கிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு நான் போட்ட போனை முதல் ரிங்கிலேயே எடுத்தாய். சந்தோஷம்தான். ஆனால் ஆகஸ்டில் நீ அனுப்பிய டைம்டேபிள் இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது, அதில் செவ்வாய் பத்தரை கெமிஸ்ட்ரி லேப். அன்றைக்கு லேப் ரத்தாகியிருக்கலாம். நான் எதுவும் கேட்கவில்லை. எங்கள் கலிஃபோர்னியா கம்யூனிட்டி கல்லூரி கவுன்டரில் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்வதை உனக்கும் ஒரு தடவை சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டால் பெயர் தானாக நீங்கிவிடும் என்று மட்டும் நினைக்காதே. சென்சஸ் தேதி வரைதான், அதாவது செமஸ்டரில் 20 சதவீதம் முடிகிற வரைதான், வராத பிள்ளைகளின் பெயரை ஆசிரியர் கட்டாயம் எடுக்கவேண்டும். அது செப்டம்பரிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு, அளவுக்கு மேல் வராமல் இருக்கிற பிள்ளையை ஆசிரியர் டிராப் செய்யலாம் என்று கேட்டலாகில், அதாவது கல்லூரி விதிப் புத்தகத்தில், இருக்கும். செய்தே ஆகவேண்டும் என்று பெரும்பாலும் இருக்காது. நல்ல மனசுள்ள ஆசிரியர்தான் "பாவம், திரும்பி வருவான்" என்று பெயரை விட்டுவைப்பார். டிசம்பரில் அவருக்குப் போட வேறு கிரேடு இருக்காது, எஃப்தான் போடுவார். ஆன்லைன் வகுப்பிலும் இதே கதைதான். லாகின் செய்தால் வந்ததாகாது. குவிஸ், அசைன்மென்ட், டிஸ்கஷன் என்று எதையாவது செய்திருக்கவேண்டும்.

அதனால் நீயே போர்ட்டலில் போய் டிராப் செய்யவேண்டும். நீயே. எஃப்புக்குப் பதிலாக டபிள்யூ, அதாவது வகுப்பை விட்டதாக மட்டும் காட்டுகிற குறி, வாங்குவதற்குக் கடைசித் தேதி செமஸ்டரில் 75 சதவீதம் முடியும்போது வரும், இந்த ஃபால் செமஸ்டரில் பெரும்பாலும் நவம்பர் நடுவில். உன் கல்லூரித் தேதி வகுப்பு வாரியாக ஷெட்யூலில் இருக்கும். தாமதமாகத் தொடங்கிய வகுப்புக்குத் தேதி வேறு, அதையும் பார். பட்டனை அழுத்தினதோடு நிற்காதே, டிராப் ஆகிவிட்டதா என்று திரும்ப உள்ளே போய்ப் பார். கார்ட்டில் போட்டுவிட்டு கன்ஃபர்ம் செய்யாமல் போகிற பிள்ளைகள் ஒவ்வொரு டிசம்பரிலும் கவுன்டரில் வந்து நிற்கிறார்கள்.

ஒரு பேச்சுக்கு உன் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். போன ஸ்பிரிங் செமஸ்டரில் 14 யூனிட், 50 கிரேடு பாயின்ட், ஜி.பி.ஏ. (கிரேடு சராசரி) 3.57. (நல்ல கிரேடு வாங்கினவர்களுக்கு வரும் டீன்ஸ் லிஸ்ட் கடிதத்தை அப்பா ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களையெல்லாம் அதன் எதிரில் உட்காரவைக்கிறார்.) இப்போது கெமிஸ்ட்ரி 5, கால்குலஸ் 5, இங்கிலீஷ் 3 யூனிட். இங்கிலீஷில் பி வாங்கி மற்ற இரண்டும் எஃப் ஆனால் மொத்தம் 2.19. அதே இரண்டும் டபிள்யூ ஆனால் 3.47. டபிள்யூ ஜி.பி.ஏ.வைத் தொடாது. ஆனால் ஃபைனான்ஷியல் எய்டில் எடுத்த யூனிட்டில் சுமார் 67 சதவீதமாவது முடித்திருக்கவேண்டும் என்று பார்ப்பார்கள். 27-ல் 17 என்றால் 63தான், வார்னிங் வரும். கெமிஸ்ட்ரியை மட்டும் விட்டு கால்குலஸில் சி வாங்கினாலும் ஜி.பி.ஏ. 3.14, முடித்தது 22 யூனிட், 81 சதவீதம். அதனால் இரண்டையும் போட்டு உடைக்காதே, எதைக் காப்பாற்ற முடியும் என்று பார். எல்லா வகுப்பையும் மொத்தமாக விடுவது இதையெல்லாம்விட மோசம். செமஸ்டரில் 60 சதவீதம் தாண்டுவதற்கு முன் அப்படிச் செய்தால் அரசு தருகிற பெல் கிரான்ட் உதவிப் பணத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

ப்ரொபேஷன், அதாவது படிப்பு சரியில்லை என்று கல்லூரி தருகிற எச்சரிக்கை, என்றதும் பயந்துவிடாதே. சில கல்லூரிகள் இப்போது பேரை மாற்றி நோட்டீஸ் என்கின்றன. 12 யூனிட்டாவது எடுத்த பிறகு மொத்த ஜி.பி.ஏ. 2.0-க்குக் கீழே போனால் ஒரு வகை. எடுத்ததில் பாதியோ அதற்கு மேலோ டபிள்யூ, இன்கம்ப்ளீட், நோ பாஸ் என்று நின்றால் இன்னொரு வகை. அடுத்தடுத்து இரண்டு செமஸ்டர் அப்படி இருந்தால்தான் ரெஜிஸ்ட்ரேஷன் முன்னுரிமையும் ப்ராமிஸ் கிரான்ட் என்கிற ஃபீஸ் தள்ளுபடியும் போகும். அப்புறம் யூனிட்டுக்கு 46 டாலர் கையிலிருந்து கட்டவேண்டும். ஒரே வகுப்பை மூன்று தடவைதான் எடுக்கலாம், டபிள்யூ வாங்கினாலும் அதில் ஒரு தடவையாகத்தான் கணக்கு, அதையும் ஞாபகம் வைத்துக்கொள். உடம்பு சரியில்லாமல் போய், டாக்டர் கடிதம் இருந்தால் எக்ஸ்கியூஸ்டு வித்டிராயலுக்கு (தக்க காரணத்தோடு விலகுவதற்கு) பெட்டிஷன் போடலாம். அது ப்ரொபேஷன் கணக்கிலும் மூன்று தடவை கணக்கிலும் சேராது. உடம்பு என்றால் மனசும்தான். கல்லூரி ஹெல்த் சென்டரிலேயே பார்க்கலாம். எனக்குச் சொல்லவேண்டும் என்றுகூட இல்லை.

டீன்ஸ் லிஸ்ட் இந்தத் தடவை வராது, வராவிட்டால் என்ன. பல இடத்தில் லெட்டர் கிரேடோடு 12 யூனிட், 3.5 கேட்பார்கள், ஒன்றை விட்டாலே யூனிட் குறைந்துவிடும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கான சங்கம் ஃபை தீட்டா காப்பாவிலிருந்து அழைப்பு போன தடவை வந்தபோதே சேர்ந்திரு என்று சொன்னேன், கேட்டாயா? கிரேடு இல்லாமல் பாஸ்/நோ பாஸாக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கெமிஸ்ட்ரி, கால்குலஸ் இரண்டிலும் செய்யாதே. மேஜர் வகுப்புக்கு யு.சி. (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அங்கே மாறிப் போகிறவர்களிடம் லெட்டர் கிரேடுதான் கேட்கும், அதுவும் சி-க்குக் கீழே போகக்கூடாது. டபிள்யூவை யு.சி. அப்ளிகேஷனில் மறைக்கவும் கூடாது. ஏன் என்று இரண்டு வரி எழுத அதில் இடம் இருக்கிறது.

உன் டிரான்ஸ்கிரிப்டைத் திறந்து பார்க்க எனக்கு உரிமை கிடையாது. ஃபெர்பா என்கிற மாணவர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி கல்லூரியில் சேர்ந்த அன்றே அந்த உரிமை உன்னுடையதாகிவிட்டது, ஃபீஸ் யார் கட்டினாலும் சரி. நீ கையெழுத்துப் போட்டுத் தந்தால் பார்க்கலாம். அதைக் கேட்டு இதை எழுதவில்லை. நீ சின்ன வயசிலிருந்தே மார்க் குறைந்தால் பரண் மேல் ஒளித்துவைக்கிற பிள்ளை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கவுன்சிலரிடம் இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் போடு. நவம்பரில் எல்லாரும் ஓடி வருவார்கள், அப்போது கிடைக்காது. போகும்போது சிலபஸையும் இதுவரை வந்த மார்க்கையும் எடுத்துக்கொண்டு போ. லேபில் எத்தனை நாள் விட்டால் ஃபெயில் என்று சிலபஸில்தான் இருக்கும். மீதி மார்க் முழுசாக வாங்கினாலும் சி வருமா என்று அவரையே கணக்குப் போட்டுக் காட்டச் சொல். வராது என்றால் அங்கேயே, அவர் முன்னாலேயே டிராப் செய். நவம்பர் தேதியைத் தவறவிடாதே.

அம்மா

பி.கு: தீபாவளிக்கு வருவதாக இருந்தால் சொல், அதிரசம் கூட நாலு சுடுகிறேன். வகுப்பு இருக்கிற நாளில் கிளம்பி வராதே.