மேப்பில் கடை ஓரிடம், நிஜத்தில் வேறிடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் மாமனார் அன்னூரில் தொடங்கிய பம்ப்செட் கடைக்கு இன்று அவிநாசி, கோபி, காங்கேயம், தாராபுரம், பொள்ளாச்சி என்று ஐந்து கிளைகள் இருக்கின்றன. கணக்கு வழக்கோடு, கூகுள் மேப்பில் கடையின் பெயர், முகவரி, போன் எண் எல்லாம் காட்டுகிற பதிவு இருக்கிறதே, ஆறு கடைகளின் அந்தப் பதிவையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றுக்கு மேல் கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று பல நாளாக மனதில் இருப்பதை எழுதுகிறேன்.

போன சித்திரையில் வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள்) புகைந்துபோன சப்மெர்சிபிள் மோட்டாரைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் காங்கேயம் கடையைத் தேடி வந்தார். போன் காட்டிய இடத்தில் செல்போன் கடை இருந்தது. நாங்கள் இடம் மாறி எட்டு மாதம் ஆகியிருந்தது. மேப்பில் மாற்றவே இல்லை. பதிவில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டார். அது அன்னூரில் என் மேசையில் அடித்தது. "ஏனுங் அம்மிணி, கடை இங்கதான்னு போன் சொல்லுது, இங்க கடையவே காணோமுங்களே?" என்றார். புதுக் கடை அவர் நின்ற இடத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்தான். ஆனால் அன்னூரில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த ரோட்டில் எதை அடையாளம் சொல்வதென்று தெரியவில்லை. காங்கேயம் கடைப் பையன் வண்டி எடுத்துப் போய்க் கூட்டி வருவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. மாட்டுத் தொட்டியில் சொட்டுத் தண்ணி இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

தப்பு முழுக்க எங்களுடையது. எல்லா விசாரணையும் தலைமைக் கடைக்கு வந்தால் கைக்குள் இருக்கும் என்று ஆறு பதிவுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தோம். முகவரியிலும் குளறுபடி. பில்லில் புதிய கதவு எண், மேப்பில் பழைய கதவு எண், ஜிஎஸ்டி சான்றில் இரண்டும். ஓரிடத்தில் காங்கேயம், இன்னோரிடத்தில் காங்கயம். நமக்கு இரண்டும் ஒரே ஊர். தேடிக் கொடுக்கிற இயந்திரத்துக்கு இரண்டும் ஒரே கடைதானா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது.

நம் ஊர்க் கடைக்காரர்கள் பலர், தலைமைக் கடைக்கு நல்ல பெயர் இருந்தால் கிளைகளும் தானாக மேலே வந்துவிடும் என்று நம்புகிறார்கள். அப்படி நடப்பதில்லை. பக்கத்தில் உள்ள கடையைத் தேடும்போது மூன்று விஷயத்தைப் பார்த்து வரிசைப்படுத்துவதாகக் கூகுளே சொல்கிறது: கேட்டதற்குக் கடை பொருந்துகிறதா, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்த அளவுக்கு நாலு பேருக்குத் தெரிந்த கடை. தாராபுரத்தில் நிற்கிற விவசாயிக்கு அன்னூர் கடையின் நட்சத்திரங்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தாராபுரம் கடைக்கு அந்த ஊர்க்காரர் எழுதிய கருத்து வேண்டும், அந்தக் கடையின் போட்டோ வேண்டும், அங்கேயே எடுக்கிற போன் எண் வேண்டும்.

இடையில் ஒருவர் வந்து, ஆறு கடையையும் முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று பணம் வாங்கிப் போனார். அவர் செய்ததெல்லாம் கடைப் பெயருக்குப் பின்னால் 'சிறந்த மோட்டார் சர்வீஸ் அவிநாசி' என்று ஒட்டியதுதான். போர்டில் என்ன பெயர் இருக்கிறதோ அதைத்தான் பதிவிலும் போட வேண்டும் என்பது விதி. இரண்டு கடைகளின் பதிவு முடக்கப்பட்டு, திரும்பக் கிடைக்கப் பல வாரம் ஆயிற்று. விளம்பரத்துக்குப் பணம் கட்டலாம்; அது தனி. இந்த வரிசையில் மேலே வரப் பணம் கட்ட வழியே இல்லை என்று கூகுள் எழுதியே வைத்திருக்கிறது. அதைப் படிக்காமல் பணத்தை எடுத்துக் கொடுத்தோம்.

கடை நிஜமாகவே அங்கே இருக்கிறதா, நம்முடையதுதானா என்று கூகுள் சரிபார்க்கும். பத்தோ அதற்கு மேலோ கடைகள் இருந்தால் மொத்தமாகச் சரிபார்க்கக் கேட்கலாம். நமக்கு ஆறுதான் என்பதால் கடை கடையாக வீடியோ எடுத்தோம். கோபி கடைப் பையன் ரோட்டிலிருந்து போனைப் பிடித்தபடி நடந்து, போர்டைக் காட்டி, சாவி போட்டு ஷட்டரைத் தூக்கி, உள்ளே காயில் சுற்றும் மெஷினையும் மேசை மேலிருந்த பில் புக்கையும் காட்டினான். ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டதால் மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு வீடியோவில் அந்தக் கடையே வந்துவிட்டது.

இப்போது ஒவ்வொரு கடைப் பதிவிலும் அந்தந்தக் கடையின் எண்தான். பொள்ளாச்சியிலும் அவிநாசியிலும் விற்பனை மட்டுமே, காயில் கட்டுவதில்லை என்று தெளிவாகப் போட்டிருக்கிறோம். எரிந்த மோட்டாரோடு யாரும் அங்கே போய் நிற்க வேண்டாம். அவிநாசியில் தேர் ஓடும் நாளில் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை முன்கூட்டியே பதிவின் 'சிறப்பு நேரம்' பகுதியில் போடுவது அந்தக் கடைக்காரரின் பொறுப்பு. யார் வேண்டுமானாலும் மேப்பில் திருத்தம் சொல்லலாம் என்பதால் மாதத்தில் ஒரு நாள் ஆறு பதிவையும் உட்கார்ந்து பார்க்கிறேன். கூகுள் இலவசமாகத் தந்த இணையப் பக்கங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. அந்தச் செத்த இணைப்பைப் பதிவில் வைத்திருக்கும் கடைகளை இன்னும் பார்க்கிறேன். நாங்கள் சொந்தத் தளத்தில் கிளைக்கு ஒரு பக்கம் வைத்தோம். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே வாசகத்தை ஆறு முறை ஒட்டாமல், எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்குவது, குட்டியானையை எங்கே நிறுத்துவது என்று அந்தந்தக் கடையில் இருப்பவர்களையே சொல்லச் சொல்லி எழுதினோம்.

நூறு கிளை வைத்திருக்கிற பெரிய நிறுவனங்களுக்கும் இதே வேண்டுகோள். மூடின கிளையை மேப்பில் திறந்தே வைத்திருந்தால், ராத்திரி மருந்துக்கு ஓடி வருகிறவர் பூட்டின ஷட்டர் முன்னால் நிற்பார். கொடிசியா போன்ற சிறுதொழில் அமைப்புகள் மாவட்டந்தோறும் சிறு கடைக்காரர்களுக்கு அரை நாள் பயிற்சி வைத்தால் பெரிய உதவி. தங்கள் நாளிதழும் வணிகப் பக்கத்தில் இதைப் பற்றித் தமிழில் தொடர்ந்து எழுத வேண்டும்.

அதுவரை, அன்னூர் வட்டாரத்தில் யாருக்காவது தெரியவில்லை என்றால் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கடைக்குப் போனோடு வாருங்கள். கடை போர்டின் போட்டோ ஒன்றும், கரண்ட் பில்லும் கையில் இருக்கட்டும். உட்கார்ந்து சேர்ந்தே செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
பம்ப்செட் கடை நடத்தும் வாசகி,
அன்னூர்.